அழகாக அச்சேறிய நாற்பது

அதியமான்கோட்டை சென்னம்மாள் கலை அறிவியல் கல்லூரியில் முப்பத்தோராண்டு பணியாற்றி, கணிதத் துறைத் தலைவராக இம்மாத இறுதியில் ஓய்வு பெறும் முனைவர் சுசித்ரா அம்மையார் அவர்களுக்கு, துறையின் விரிவுரையாளர்கள் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

கணக்கில் கறாரும் கருணையில் கணக்கின்மையும் கைவரப்பெற்ற கல்விக் கருவூலமே! கோடு கோணினால் கொதித்தெழுந்து, கொதிப்பு அடங்கியதும் கோப்பைத் தேநீர் வரவழைத்துக் கொடுக்கும் கோமகளே! இரு சொற்களின் இடையே இம்மியளவு இடைவெளி மிகினும் இமைப்பொழுதில் இனங்கண்டு, இதழ் திறவாமல் சுட்டுவிரலால் இடித்துரைக்கும் இணையிலா ஆசானே! வரியை வளையவிடாத வல்லமையே, பக்கத்தைப் பழுதாகவிடாத பண்பே, சமன்பாட்டைச் சாயவிடாத சால்பே, வணக்கம்!

இவ்வளவு அடுக்கியது போதும் என்று நினைக்கிறோம். மரபுப்படி இன்னும் ஐந்தாறு விளிகள் வந்திருக்க வேண்டும்; கடல், மலை, மதி எல்லாம் கைவசம் இருந்தன. எங்களில் எழுத உட்கார்ந்த பிரபாகருக்கு அதற்குமேல் மனம் ஓடவில்லை. பாராட்டு மடலுக்கு வாய் நிறையச் சொல் வேண்டும். எங்களுக்கோ வாய் நிறையக் கசப்பு. ஆனாலும் சட்டம் போட்டு உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டப்போகும் மடல் இது. நாளை வருவோர் போவோர் படிப்பார்கள். ஆகவே முடிந்தவரை முறையாகச் செய்ய முயல்கிறோம்.

அச்சின் அரசியே!

நீங்கள் இக்கல்லூரியில் அடியெடுத்து வைத்த காலத்தில், எங்கள் கணித வினாத்தாள்கள் தருமபுரி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டி.டி.பி. கடையில் பிறந்துகொண்டிருந்தனவாம். அங்கே வர்க்கமூலக் குறி ஒரு பக்கமும், அதற்குள் இருக்க வேண்டிய எண் இன்னொரு பக்கமுமாக, சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி போல முகம் திருப்பி நிற்குமாம். பின்னத்தின் மேலெண் ஒரு வரியில், கீழெண் அடுத்த பக்கத்தில். அதைப் பார்த்தும் பிள்ளைகள் விடை எழுதித் தேறினார்கள் என்றால், அது அவர்களின் சாமர்த்தியம். இந்தக் கொடுமை பொறுக்காமல், கோடை விடுமுறை ஒன்றை முழுதாகச் செலவழித்து, லேடெக் என்னும் அச்சுக்கோப்புக் கருவியைத் தாமாகவே கற்று வந்து, அன்று முதல் இன்று வரை எங்களையும் அதிலிருந்து தப்பவிடாமல் பிடித்து வைத்திருப்பவர் நீங்கள்.

லேடெக் என்றால் என்னவென்று அறியாத விருந்தினரும் இந்த அவையில் உள்ளனர். அதில் பக்கத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தட்டுவதில்லை. வெறும் எழுத்துக் கோப்பு ஒன்றில், இது தலைப்பு, இது தேற்றம், இது பின்னம் என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளக் கட்டளை இட்டு எழுத வேண்டும். முடித்துக் கொடுத்தால், எழுத்தின் அளவு, இடைவெளி, எண்வரிசை அனைத்தையும் கருவியே கணக்கிட்டு, பெரிய பதிப்பகத்தின் நூல்போன்ற பக்கங்களைத் தரும். இதை நீங்கள் எங்களுக்கு ஒரே மூச்சில் விளக்கினீர்கள்: "வேர்டுல நீங்க பக்கத்த வரையறீங்க. இதுல அது என்னன்னு மட்டும் சொல்றீங்க. எப்பிடி இருக்கணும்ங்கறத அது பாத்துக்கும்ங்க."

எங்கள் கோகுல்ராஜ் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு தலைப்பைத் தலைப்பு என்று குறிக்காமல், எழுத்தைப் பெரிதாக்கி, தடிப்பாக்கி, நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் பெருமையாக உங்களிடம் காட்டினார். பக்கம் பார்க்க ஒன்றுபோலத்தான் இருந்தது. நீங்கள் கோப்பைத் திறந்து பார்த்தீர்கள். "தலைப்புன்னு சொல்லுங்க கோகுல்ராஜ், தடிப்புன்னு சொல்லாதீங்க. வெளிய பாக்க நல்லா இருந்தாப் போதும்னா ஜவுளிக்கடை பொம்மையக் கட்டிக்கிட்டுக் குடித்தனம் பண்ணலாமே" என்றீர்கள். அந்த ஆண்டுதான் அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. துறையே சிரித்தது, அவர் மட்டும் சிரிக்கவில்லை. இப்படி உங்கள் வாயால் குட்டுப்படாத தலை எங்கள் ஆசிரியர் அறையில் இல்லை. மோதிரக் கை என்று ஆறுதல் சொல்லிக்கொண்டோம், ஆனால் வலித்தது வலித்ததுதான்.

வினாத்தாள், பாடத்திட்டம், ஆய்வேடு, கருத்தரங்க மலர், தேர்வறை இருக்கைப் படம், கடைசியில் சிற்றுண்டிச் சாலையின் விலைப்பலகை வரை எல்லாமே லேடெக்கில்தான் பிறந்தன. எங்கள் கல்லூரியில் போண்டாவுக்குக்கூடப் பத்தி சீராக இருக்கும் என்று மற்ற துறையார் கேலி பேசுவார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர்கள் எங்கள் ஆய்வேடுகளைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்து, இதை எங்கே அடித்தீர்கள் என்று கேட்கும்போதெல்லாம் நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டோம். ஒன்றை இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது: அவர்கள் அழகாக இருக்கிறது என்றார்களே தவிர, யாரும் படித்துவிட்டுச் சொன்னதில்லை. அது அன்று எங்களுக்கு உறைக்கவில்லை.

செவியால் பிழை பிடித்த செம்மலே!

கண்ணை நம்பாதே என்பது நீங்கள் துறையில் வைத்த சட்டம். அச்சான பக்கத்தை ஒருவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும், இன்னொருவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். எழுத்து மட்டுமல்ல, காற்புள்ளி, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி அனைத்தையும் உரக்கச் சொல்ல வேண்டும். எங்கள் துறை வாசலைக் கடந்து போகிறவர்கள், உள்ளே ஏதோ மந்திரம் ஓதுகிறார்கள் என்று நினைப்பார்கள். கூச்சப்பட்டு மெல்ல வாசித்தால், "காதுல விழற மாதிரி படிங்க, தப்பு காதுலதான் மாட்டும்" என்பீர்கள். அப்படி வாசித்து நாங்கள் பிடித்த பிழைகள் கொஞ்சநஞ்சமல்ல.

அதேபோல் இன்னொரு சட்டம். லேடெக்குக்குச் சதவீதக் குறியோடு ஒரு பழைய ஒப்பந்தம் உண்டு. ஒரு வரியில் அந்தக் குறி வந்தால், அதற்கு அப்பால் வரி முடியும்வரை இருப்பதெல்லாம் எழுதியவரின் சொந்தக் குறிப்பு, அச்சுக்கு உரியதன்று என்று கருவி எடுத்துக்கொள்ளும். சத்தமில்லாமல் விட்டுவிடும். குறியே அச்சில் வேண்டுமென்றால் அதன் முன்னால் ஒரு சாய்கோடு இட வேண்டும். வெளியாள் அனுப்பும் வாசகத்தில் அந்தச் சாய்கோடு இருக்காது. ஆகவே வெளியிலிருந்து வரும் எதையும் நகலெடுத்து ஒட்டக் கூடாது, பார்த்துத் தட்டத்தான் வேண்டும் என்று விதித்திருந்தீர்கள். கணித ஆசிரியர்களாகிய எங்களுக்குச் சதவீதம் அன்றாடச் சோறு. அந்தச் சாய்கோடு எங்கள் விரலிலேயே ஊறிப்போயிருந்தது.

வாக்குக் கொடுத்தவரே!

வத்தல்மலையில் சாமையும் காப்பியும் விளைவிக்கும் மாதேஸ் என்பவரின் மகள் ஜெயபிரியா, எங்கள் இளங்கலை மாணவி. லேடெக் கற்ற முதலாண்டிலேயே அவள் செய்த காரியம், மலைக்கு ஏறி இறங்கும் பேருந்துகளின் நேரப் பட்டியலைப் பத்தி பிரித்து, கோடு போட்டு, பளிச்சென்று அச்செடுத்து மலையடிவாரத் தேநீர்க் கடையில் ஒட்டியது. ஓட்டுநர் அதைப் பார்த்துவிட்டு, "கவர்மெண்டுகூட இப்பிடி அடிச்சுக் குடுத்ததில்லம்மா, இதுக்காகவாச்சும் நாங்க நேரத்துக்கு வரணும்" என்றாராம். துறையில் உங்கள் வாயால் குட்டுப்படாத ஒரே ஆள் அவள்தான் என்பதில் எங்களுக்குச் சற்றுப் பொறாமை உண்டு.

அவள் தந்தை பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது உங்கள் எதிரே நின்றுகொண்டே பேசினார். "பி.எஸ்ஸியோட நிறுத்திக்கலாம்னு இருக்கறேங்க. வெளியூரு, ஆஸ்டலு எல்லாம் நம்மளுக்கு ஆவாதுங்க. மலை பஸ்ஸுல வந்து மலை பஸ்ஸுலயே வூடு திரும்பற மாதிரி இருந்தாப் பாக்கலாங்க." நீங்கள் அவரை உட்காரவைத்தீர்கள். "இங்கயே எம்.எஸ்ஸி. இருக்குதுங்க. அவளுக்கு எடம் வாங்கித் தர்றது என் பொறுப்பு. நடுவுல வேற எதுக்கும் ஒத்துக்காதீங்க" என்றீர்கள். "நீங்க சொன்னாச் சரிங்க மேடம்" என்று அவர் போய்விட்டார். அதன்பிறகு மாப்பிள்ளை கேட்டு வந்தவர்களுக்கும், ஓசூர்க் கம்பெனிக்கு ஆள் பிடிக்க வந்த வேன்காரருக்கும் அவர் சொன்ன பதில், காலேஜு மேடம் வாக்குக் குடுத்திருக்காங்க என்பதுதான்.

அம்மையீர்!

இந்த முதுகலை வகுப்புக்கு ஒப்புதலைப் புதுப்பிக்கக் கடந்த டிசம்பரில் பல்கலைக்கழகத்தார் அறிக்கை கேட்டார்கள். இருபத்தைந்து இடம் கொண்ட சிறிய வகுப்பு. ஒப்பந்த விரிவுரையாளர்களான எங்கள் மூவரின் பிழைப்பும் அதை நம்பித்தான். ஜெயபிரியா போல மலையிலிருந்தும் மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்தும் பேருந்தில் வந்து போகும் பெண்களின் மேற்படிப்பும் அதை நம்பித்தான். நீங்கள் அந்த அறிக்கையை உங்கள் ஆயுளின் கடைசிப் பெரிய வேலை என்று சொல்லிச் செய்தீர்கள். அட்டவணைகள் தம்மைத் தாமே எண்ணிட்டுக்கொண்டன, பொருளடக்கம் தன்னைத் தானே எழுதிக்கொண்டது, பின்னிணைப்புகள் வரிசையாக வந்து நின்றன. நாங்கள் முழுவதையும் வாய்விட்டு வாசித்து முடித்தோம். பிழை இல்லை.

முடித்தபின், புறப்படும் வேளையில், முதல்வர் சந்திரமோகன் அவர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வாக்கியம் வந்தது. முதல் பட்டியலில் சேர்க்கை குறைந்தது ஏன் என்று கேட்பார்கள், இதைச் சேர்த்துவிடுங்கள் என்றார். நல்ல எண்ணத்தில் அனுப்பிய வாக்கியம்தான். "முதல் பட்டியலின்போது நிரம்பிய இடங்கள் 40% ஆயினும் இரண்டாம் பட்டியலுக்குப் பின் இருபத்தைந்து இடங்களும் நிரம்பின." அறிக்கையைக் கொண்டுபோக வேண்டிய கார் வாசலில் நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் அந்த வாக்கியத்தைத் தட்டவில்லை. நகலெடுத்து, சேர்க்கை பற்றிய பத்தியின் கடைசியில் ஒட்டினீர்கள்.

கருவி பிழை எதுவும் காட்டவில்லை. காட்டாது. சதவீதக் குறியைக் கண்டதும் அது தன் ஒப்பந்தப்படி நடந்துகொண்டது. குறியும் போயிற்று, அதற்கு அப்பால் இருந்த உண்மையும் போயிற்று. "முதல் பட்டியலின்போது நிரம்பிய இடங்கள் 40" என்று அந்தப் பத்தி முடிந்தது. எவ்வளவு அழகாக முடிந்தது என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். முதல்வர் அச்சான படியைத் தடவிப் பார்த்து, "புஸ்தகமாட்டம் இருக்குதுங்க மேடம்" என்றார். நாங்களும் ஆமாம் என்றோம். அந்த ஒரு பக்கத்தை மட்டும் யாரும் வாய்விட்டு வாசிக்கவில்லை. கோணல்மாணலாக அடித்திருந்தால், எங்கேயாவது ஒரு கண் தடுக்கி நின்றிருக்கும். வழுக்கிக்கொண்டு போகும் அளவுக்கு நேர்த்தியாக இருந்தது.

ஆய்வுக் குழுவில் ஒருவராவது படிப்பார் என்பதை நாங்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். இருபத்தைந்து இடத்தில் நாற்பது நிரம்பியதாக உள்ளே எழுதியிருக்கிறது, பின்னிணைப்பில் இருபத்தைந்து பேர்தான் இருக்கிறார்கள். ஆகவே பொய்த் தகவல். பொய்த் தகவல் தந்த வகுப்புக்குப் புதிய சேர்க்கை கிடையாது என்று மார்ச் மாதம் உத்தரவு வந்தது. நாற்பதுக்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி இல்லை என்பதையாவது கவனித்தீர்களா என்று அந்தக் குழுவினரைக் கேட்க எங்களுக்கு வாய் துடித்தது. கேட்டு என்ன செய்ய? நாங்களே கவனிக்கவில்லையே.

அந்த வாரம் முதல்வர் அறையில் நடந்ததை இந்த மேடையில் சொல்லக் கூடாது என்று சிலர் எங்களைத் தடுத்தார்கள். முதல்வர் இங்கே அமர்ந்திருக்கிறார். அவர் அனுமதியோடுதான் சொல்கிறோம். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அச்சுக்கோப்பு என்று கோகுல்ராஜ் பெயர் இருந்தது. தற்காலிக ஊழியர் ஒருவர் செய்த தவறு, அவரை நீக்கிவிட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் மேல்முறையீடு சுலபமாக இருக்கும் என்ற யோசனை வந்தது. நீங்கள் எழுந்து நின்றீர்கள். "ஒட்டுனது என் கைங்க சார். அவர் பேர எழுதுனீங்கன்னா, இன்னிக்கே வேலைய எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்." அதன்பின் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கோகுல்ராஜ் அன்று துறைக்கு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். ஜவுளிக்கடை பொம்மைக்குச் சிரிக்காதவர், அன்று அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

மேல்முறையீட்டு விசாரணைக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். கோப்பைத் திறந்து, முழு வாக்கியமும் உள்ளே இருக்கிறது, அச்சில்தான் விடுபட்டது என்று காட்டினீர்கள். உடன் வந்த பிரபாகர் கதவோரம் நின்று கேட்டார். குழுவில் ஒரு பெரியவர் பொறுமையாகத்தான் பேசினார். "உங்க கம்ப்யூட்டர்ல என்ன இருக்குதுங்கறத நாங்க பாக்க முடியாதும்மா. நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தது இந்தப் பேப்பர்தானே?" நீங்கள் ஆமாங்க என்றீர்கள். பக்கத்தில் இருந்தவர், "இருபத்தஞ்சு சீட்டுல நாப்பது பேர எப்பிடிங்க உக்கார வெச்சீங்க?" என்று கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். கம்ப்யூட்டர் கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ. வழியெல்லாம் பிரபாகர் அதைத்தான் உங்களிடம் கெஞ்சிக்கொண்டு வந்திருந்தார். நீங்கள் சொன்னது இது: "கருவி சரியாத்தான் செஞ்சுதுங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

பாராட்டு மடலில் கோபத்தை எழுதும் வழக்கம் இல்லை. எங்களுக்குக் கோபம் இருக்கிறது. ஊருக்கெல்லாம் சட்டம் வைத்துவிட்டு, ஒரு கார் ஹார்னுக்காக அதை நீங்களே மீறினீர்களே என்று கோபம். ஒரு சின்னப் பொய் சொல்லித் தப்பிக்கத் தெரியாத உங்கள் நேர்மைமேல் அதைவிடப் பெரிய கோபம். உங்கள் நேர்மையின் விலையை நீங்கள் மட்டும் கொடுக்கவில்லை, மேடம். இதைச் சொல்லாமல் பொன்னாடை போர்த்தினால், அது உங்கள் மொழியில் தடிப்பு, தலைப்பு அல்ல. ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: உங்களை விட்டால் எங்களுக்கு வேறு யாரும் இல்லை.

மேல்முறையீடு தள்ளுபடி என்ற கடிதம் இந்த மாதம் வந்தது. அதைப் படித்துவிட்டு மேசையில் வைத்தீர்கள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, வத்தல்மலைப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டீர்கள். வேண்டாம் என்று நாங்கள் சொன்னது உங்கள் காதில் ஏறவில்லை. பிரபாகர் கூடவே வந்தார். மாதேஸ் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து உபசரித்தார்கள். வேறு கல்லூரியில் விண்ணப்பம் போடலாம், கட்டணமும் நான் கட்டுகிறேன், தெரிந்தவர்களிடம் பேசுகிறேன் என்று நீங்கள் சொல்லச் சொல்ல, அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க மேல வருத்தமெல்லாம் இல்லைங்க மேடம். நீங்க வேணும்னேவா செஞ்சீங்க? ஆனா இன்னொரு பேச்ச நம்பிப் புள்ளைய வூட்டுல உக்கார வெக்க முடியாதுங்களே. ஓசூரு வேன்காரன்கிட்ட சொல்லிட்டேங்க, கம்பெனியிலயே ஆஸ்டலு இருக்குதாம். நம்ம ஊருப் புள்ளைங்களும் கூட இருக்குதுங்க."

ஆஸ்டல் ஆகாது என்றவர் அவர்தான். படிப்பதற்கு ஆகாத ஆஸ்டல் கம்பெனிக்கு ஆகிறது. அவரைக் குறை சொல்ல எங்களுக்கு என்ன தகுதி இருக்கிறது? ஜெயபிரியா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள், வெளியே வரவில்லை. மலை இறங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து நீங்கள் சொன்னது பிரபாகரின் காதிலேயே நிற்கிறது. "எர்ரர்னு ஒண்ணு காட்டியிருந்தா நின்னிருப்பேன்ங்க. ஒண்ணுமே காட்டலயே."

வரும் ஜூனில் எங்கள் துறை அறை வணிக நிர்வாகத் துறைக்குப் போகிறது. எங்கள் மூவரின் ஒப்பந்தமும் இந்த மாதத்தோடு முடிகிறது; புதுப்பிக்க வகுப்பு இல்லை. உங்கள் காலியிடத்தை நிரப்பப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். இனிமேல் கல்லூரியின் அறிக்கைகளைச் சேலத்தில் ஒருவரிடம் கொடுத்து அடிக்கப் போகிறார்களாம். அவர் அனுப்பிய மாதிரிப் பக்கத்தைப் பார்த்தோம். படுமோசம். ஆனால் அதை எல்லோரும் படிப்பார்கள், ஏனென்றால் நம்ப முடியாதபடி இருக்கிறது.

வழக்கமாக இந்த இடத்தில், தங்கள் வழிகாட்டுதலில் எங்கள் பயணம் தொடரும் என்று எழுத வேண்டும். எந்தப் பயணம்? உங்கள் அடிச்சுவட்டில் நடக்க ஓர் இடம் வேண்டாமா? நாங்கள் இதை எழுதிப் பார்த்தோம், நான்கு விதமாக எழுதிப் பார்த்தோம். ஒவ்வொன்றும் காதில் பொய்யாகவே விழுந்தது. எடுத்துவிட்டோம்.

இந்த மடலை உங்கள் முன் வாசிக்க வேண்டியவள் ஜெயபிரியா. அவளிடம்தான் கேட்டிருந்தோம், வருவேன் என்றும் சொல்லியிருந்தாள். அதனால்தான் மடலை அவள் மேடையில் வாசிக்க வசதியாகச் சற்றுப் பெரிய எழுத்தில் வைத்தோம். இன்று காலை ஓசூரிலிருந்து பேசினாள்.

"சார், சேர்ந்த புதுசுல லீவு குடுக்க மாட்டாங்களாம். நீங்களே படிச்சிருங்க சார். நான் நல்லா இருக்கேன்னு மேடம்கிட்ட சொல்லிருங்க. பொட்டி மேல ஒட்டற லேபிள் சரியா இருக்குதான்னு பாக்கற வேலை சார். எல்லாம் கோணலா இருக்குது, எழுத்து ஓரத்துல இடிக்குது. இப்பிடி அடிக்கக் கூடாது, மாத்தித் தர்றேன்னு சொன்னேன் சார். அது உன் வேலை இல்ல, நம்பர் இருக்குதான்னு மட்டும் பாருன்னுட்டாங்க."

சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டோம். ஆகவேதான் பிரபாகர் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

அம்மையீர், வாழ்த்த வேண்டிய இடம் வந்துவிட்டது. உடல் நலத்தோடு இருங்கள். கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். சர்க்கரை மாத்திரையை மறக்காதீர்கள். அந்த அறிக்கையின் ஒரு படியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிவது எங்களுக்குத் தெரியும். இன்று அதை எங்களிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். மகிழ்ச்சியாக நூறாண்டு என்று எழுத எங்களுக்குக் கை வரவில்லை. மகிழ்ச்சி இல்லாவிட்டாலும் நீண்ட நாள் இருங்கள், மேடம். உங்களைக் கோபித்துக்கொள்ளவும் எங்களுக்கு ஆள் வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் அன்புக்கும் குட்டுக்கும் உரிய
பிரபாகர், கோகுல்ராஜ், பிரியதர்ஷினி
கணிதத் துறை விரிவுரையாளர்கள், இம்மாத இறுதி வரை